இரண்டு லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது? மழைக்கால வீட்டில் துணி காயும் கணக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் மொட்டை மாடிக் கொடிகள் வெறுமையாகக் கிடக்க, ஜன்னல் கம்பிக்கும் கதவின் மேலுள்ள ஆணிக்கும் இடையே கட்டிய நைலான் கயிறும், நாற்காலி முதுகுகளும், மின்விசிறிக்கு நேர்கீழே விரித்த இரும்பு ஸ்டாண்டும் ஒரு குடும்பத்தின் மொத்தத் துணியையும் சுமக்கின்றன. மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும் சட்டை, உடுத்தியவுடன் உடம்பில் ஒட்டுகிறது. மடித்து வைத்த துண்டில் ஒரு முக்கல் வாடை வருகிறது. அதே வாரத்தில், யாரோ எதையோ தேடிப் பீரோவை நகர்த்தும்போது, பின்சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருப்பது தெரிகிறது. பெரும்பாலான வீடுகளில் இவை இரண்டு தனித்தனித் தொல்லைகளாகவே நடத்தப்படுகின்றன. துணிக்கு வாசனைத் திரவம் வாங்குகிறோம், சுவருக்குப் பெயிண்டரைக் கூப்பிடுகிறோம். துணியைவிட்டுப் போன தண்ணீர்தான் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையே மாறிவிடும்.

கணக்கைச் சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் துவைக்கும் துணி, காய்ந்த நிலையில் நான்கு கிலோ என்று கொள்வோம். கையால் பிழிந்தால் அந்தத் துணி ஏறத்தாழ தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கும். இயந்திரத்தில் நன்றாகச் சுழற்றி எடுத்தால் பாதி எடை அளவுக்கு, அதாவது இரண்டு லிட்டருக்கு, இறங்கும். இப்போது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை, பத்தடி உயரத்தோடு, எடுத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் காற்று சுமார் 34 கன மீட்டர். 26 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 24 கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அடைமழை நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், ஏறக்குறைய 21 கிராம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. மீதமுள்ள இடம் கன மீட்டருக்கு நான்கு கிராமுக்கும் குறைவு. முழு அறைக்கும் சேர்த்து 125 கிராம் அளவு. ஒரு சிறிய காப்பித் தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு லிட்டர் வெளியேற வேண்டுமானால் அந்த அறைக் காற்று முழுவதும் குறைந்தது பதினாறு முறை மாற வேண்டும். ஜன்னல் சாத்திய அறையில் காற்று முழுமையாக ஒருமுறை மாறுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், துணி காய ஒரு பகலும் ஓர் இரவும் ஆவதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் மின்விசிறியைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விசிறி ஓடினால் துணி விரைவில் காய்வது உண்மை. துணியின் மேல் படிந்து நிற்கும் ஈரக் காற்றுப் படலத்தை அது கலைத்துவிடுகிறது. ஆனால் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு விசிறியை ஓட விடும்போது, கலைந்த ஈரம் அறையைவிட்டு எங்கும் போவதில்லை. மெத்தை, தலையணை, புத்தக அலமாரி, சுண்ணாம்புச் சுவர் என்று உறிஞ்சக்கூடிய பொருள்கள் எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. துணி காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் அந்தக் காலைப்பொழுதில், அந்தத் தண்ணீர் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

துணி மட்டும்தான் ஈரம் தருகிறது என்றும் சொல்ல முடியாது. ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீராவி விடுகிறார். சோறு வடிக்கும் ஆவியும் குளியலறை ஆவியும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாதது அடுப்பு: சமையல் எரிவாயு எரியும்போது கிலோவுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டர் தண்ணீர் அடுப்படிக் காற்றில் கலந்திருக்கும். அவசரத்துக்குச் சீருடையை எரியும் அடுப்பின் மேல் காட்டிக் காய வைப்பவர்கள், ஒரு பக்கம் ஈரத்தைப் போக்கியபடியே மறுபக்கம் அதைத் தயாரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும் ஆபத்து தனி.

இந்த ஈரம் ஏன் எல்லாச் சுவரிலும் சமமாகப் படிவதில்லை என்பதில்தான் நம் கடற்கரைக்கே உரிய விவரங்கள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். மீனவர்கள் வாடை என்றும் கொண்டல் என்றும் சொல்லும் காற்றோடு அது வருகிறது. சூரியனோ செப்டம்பர் 23 வாக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் மார்ச் 21 வரை திரும்புவதில்லை. ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் கடலூரிலும் புதுச்சேரியிலும், அந்த ஆறு மாதமும் ஒரு வீட்டின் வடக்குச் சுவரில் நேர் வெயில் படுவதே கிடையாது. நனைவதும் அந்தச் சுவர், வெயில் காணாததும் அந்தச் சுவர். வடக்கு அறையில் கொடி கட்டித் துணியையும் போட்டால் அது மூன்றாவது சுமை. வாஸ்து பார்ப்பவர்கள் பீரோவைத் தென்மேற்கான கன்னி மூலையில் வைக்கச் சொல்வதுண்டு; அவர்கள் சொல்லும் காரணம் எதுவானாலும், இந்தக் கரையில் ஒரு வீட்டின் மிகக் காய்ந்த மூலை பெரும்பாலும் அதுதான் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் நான் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை.

இன்னொரு காரணம் உப்பு. மழைக்காலத்தில் அடுக்களைச் சாடியில் கல்லுப்பு கசிந்து அடியில் தண்ணீர் தேங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அப்படிச் செய்யும். உப்பளம் என்ற பெயரில் ஒரு பகுதியும், உப்பனாறு என்ற பெயரில் ஓர் ஆறும் உள்ள கரையில், உவர்ப்பான கிணற்று நீரில் கலவை குழைத்தோ சரியாகக் கழுவாத மணலைச் சேர்த்தோ கட்டிய சுவருக்குள் அதே உப்பு இருக்கிறது. குழாய்க் கசிவு ஏதும் இல்லாமலே, மேலே தண்ணீர்த் தொட்டி ஏதும் இல்லாமலே, ஐப்பசியில் தானாக நனைந்து மாசியில் தானாகக் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கும் சுவர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அப்படிப்பட்ட சுவர் உள்ள அறையில் ஈரத் துணியைத் தொங்கவிட்டு ஈரப்பதத்தை 75க்கு மேல் நாள்முழுதும் நிறுத்தி வைப்பது, உப்புச் சாடியின் மூடியைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது காரணம் அண்மைக் காலத்தில் வந்தது: ஏசி. 26 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 23 டிகிரிக்குச் சற்று மேலே குளிர்ந்தாலே பனித்துளியாகப் படியத் தொடங்கிவிடும். படுக்கையறையில் 22 டிகிரியில் ஏசி ஓடி, அதற்கும் கூடத்துக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர் ஒன்று இருந்து, கூடத்தில் துணி காய்ந்தால், அந்தச் சுவரின் கூடத்துப் பக்கம் 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து போகிறது. கண்ணுக்குத் தண்ணீர் தெரியாது. ஆனால் அந்தச் சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 95 சதவீதமாக நிற்கும். பூஞ்சைக்குச் சொட்டும் தண்ணீர் வேண்டியதில்லை. ஒரு பரப்பின்மேல் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் போதும். அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருப்பவை என்பதால், அவற்றை வரவிடாமல் தடுப்பது நடவாத காரியம். முளைக்கும் ஈரத்தைத் தராமலிருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

பூஞ்சைக்குப் பிடித்த உணவு மாவுச்சத்து. கஞ்சி போட்ட பருத்தி வேட்டியும் சேலையும் பாலியெஸ்டர் சட்டைக்கு முன்பாகவே புள்ளி விழுவதற்கு இதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கஞ்சியை நிறுத்தி வைப்பது நல்லது. கஞ்சி தீர்ந்தபின் அது பருத்தி நூலையே தின்னும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மக்க வைத்த பூஞ்சையை ஆராய்ந்துதான், நூலிழையைச் சிதைக்கும் அதன் நொதியைக் கண்டறிந்தார்கள். ட்ரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சையின் நொதி இன்று ஜீன்ஸ் துணியை வெளுக்கவும் சலவைத் தூளிலும் பயன்படுகிறது. துணியைத் தின்றதையே துணி துவைக்க வைத்திருக்கிறார்கள்.

முக்கல் வாடை வேறு கதை. அதற்குப் பூஞ்சையைவிட பாக்டீரியாவே பெரிய காரணம். வீட்டுக்குள் காய்ந்த துணியின் நாற்றத்துக்கு மொராக்செல்லா என்னும் பாக்டீரியா இனமே முதன்மைக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். துணியில் தங்கிய வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் தின்று வாடையுள்ள அமிலத்தை அது உண்டாக்குகிறது. உலர்ந்தாலும் புற ஊதாக் கதிர் பட்டாலும் எளிதில் சாவதில்லை. ஒருமுறை வாடை பிடித்த துண்டு, வெயிலில் காய்ந்த பின்னும், முகம் துடைத்து நனைந்தவுடன் மறுபடி நாறுவது இதனால்தான். வாசனைத் திரவத்தில் முக்குவதால் பயனில்லை. கொதித்து இறக்கிய நீரில், நிறம் போகாத பருத்தித் துணிகளை அரை மணி ஊற வைத்துத் துவைத்தால் வாடை போகும். இஸ்திரிப் பெட்டியின் சூடும் உதவும். பட்டுக்கும் செயற்கை இழைக்கும் இந்த வைத்தியம் கூடாது.

உடல்நலம் பற்றி மிகைப்படுத்த வேண்டியதில்லை, குறைத்தும் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா மோசமாவதும் சுவாச நோய்த் தொல்லைகளும் அதிகம் என்பதற்குப் போதிய சான்று உள்ளதாகச் சொல்கிறது. தொடை இடுக்கில் வரும் படை சுவர்ப் பூஞ்சையால் வருவதில்லை, அது வேறு வகை. ஆனாலும் அரை ஈர உள்ளாடையை உடுத்துவது அதற்கு நல்ல விளைநிலம். ஆகவே, உள்ளாடைகளுக்கும் குழந்தைத் துணிகளுக்கும் காயும் இடத்தில் முதல் உரிமை தரலாம்.

இனி, அந்த இரண்டு லிட்டரை என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். ஆவியாக்குவதைவிடப் பிழிந்து கொட்டுவது எப்போதும் மலிவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இணையான வெப்பம் வேண்டும். அதை அறையின் காற்றும் துணியும்தான் தருகின்றன. இயந்திரத்தில் இன்னொரு ஐந்து நிமிடம் சுழற்றுவதற்கோ மிகச் சொற்ப மின்சாரமே செலவாகும். விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தின் தனிச் சுழல்தொட்டி நிமிடத்துக்கு 1,300 முறை அளவில் சுற்றும். மேலிருந்து துணி போடும் முழு ஆட்டோமேட்டிக் இயந்திரங்கள் பலவும் 700 முறைதான் சுற்றும். மழைக்காலத்தில் பழைய செமி ஆட்டோமேட்டிக் புதியதை வென்றுவிடும். கையால் துவைப்பவர்கள், பிழிந்த துணியைக் காய்ந்த கனமான துண்டில் சுருட்டி மிதித்தெடுத்தால், ஒரு பகுதித் தண்ணீர் அந்தத் துண்டுக்கு மாறும். துண்டை மறுபடி பிழிந்து சாக்கடையில் விட்டுவிடலாம்.

அடுத்தது நேரம். இரவில் 26 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கும் அதே காற்று, மழை விட்ட நண்பகலில் 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 68 சதவீதமாகக் குறைகிறது. ஒவ்வொரு கன மீட்டரும் முன்பைவிட இரண்டரை மடங்கு கூடுதல் நீரை வாங்கிக்கொள்ளும். ஆகவே இரவு துவைத்து விடியும்வரை காய வைக்கும் வழக்கம் மழைக்காலத்துக்கு ஆகாது. காலையில் துவைத்து, பதினொரு மணி முதல் மூன்று மணி வரை காற்றைப் பயன்படுத்திக்கொண்டு, மாலையில் ஜன்னலைச் சாத்துவது சரியான முறை. மழை பெய்துகொண்டிருந்தாலும், சாரல் அடிக்காத தெற்கு, மேற்கு ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். வெளியே ஈரமாக இருக்கும்போது திறந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: துணி தொங்கும் அறையின் காற்று வெளிக் காற்றைவிட ஈரமாகத்தான் இருக்கும்.

துணியை வீடெங்கும் பரப்புவதைவிட ஓர் அறைக்குள் அடக்குவது மேல். எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள குளியலறையோ சிறு அறையோ இருந்தால், அங்கே ஹேங்கர்களில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து, விசிறியை ஓட விட வேண்டும். ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்குச் சுமார் 250 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். முன்னே சொன்ன 34 கன மீட்டர் அறையின் காற்று மணிக்கு ஏழு முறை மாறுகிறது. வெளியேறும் காற்று முழுக்க நீராவி நிறைந்து போவதில்லை என்பதைக் கழித்தாலும், ஒரு பகலில் வேலை முடிந்துவிடும். ஏசி இருந்தால் நேர்மாறான முறை: கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, டிரை மோடில் ஓட விட வேண்டும். வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் நம் துணியிலிருந்து போனதுதான். அலமாரியில் அந்துருண்டை போடுவது பூச்சிக்கு. ஈரத்தை அது தொடுவதில்லை. ஈரம் உறிஞ்சவென்றே விற்கும் கால்சியம் குளோரைடு பொட்டலங்கள் மூடிய பீரோவுக்குள் நன்றாக வேலை செய்யும். சுவருக்கும் பீரோவுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டால் அதைவிட நன்றாக வேலை செய்யும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை அந்த அறையில் மாட்டி, எண் 70ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சையின் பெரும்பகுதித் தொல்லை அங்கேயே நின்றுவிடும்.

பூத்துவிட்ட பூசணத்தைக் காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டக் கூடாது. வித்துகள் அறை முழுதும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, சுவரைக் காய விட வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் கறையை வெளுக்கும்; ஆனால் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே குளியலறையில் எடுக்காமலிருப்பது நல்லது.

பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் இந்தக் கணக்கைத் தாமாகவே பார்த்துக்கொண்டன. சாரல் படாத தாழ்வாரத்தில் கொடி, நடுவே ஈரக் காற்று மேலேறிப் போக முற்றம். சுவரில் அடித்த சுண்ணாம்பு கடும் காரத்தன்மை கொண்டது. அதன்மேல் பூஞ்சை முளைக்காது, சுவருக்குள்ளிருக்கும் ஈரம் வெளியே வரவும் அது வழி விட்டது. சில மாதங்களில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைத் தணித்துவிடும் என்பதால், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்கள். மழை முடிந்த கையோடு, பூசணம் பூத்த சுவருக்கு அது சரியான நேரத்தில் வந்தது. இன்று சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியும் அதன்மேல் அடிக்கும் எமல்ஷன் பெயிண்டும் பளபளப்பாக இருக்கின்றன, ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டுகின்றன. தரையிலிருந்து ஓதம் என்னும் ஈரம் ஏறும் சுவரில் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால், ஓதம் ஐந்தாவது அடியில் தலை காட்டும். தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால் வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகளில், அடித்தள ஓதத்தைத் தடுக்க ஓட்டிய சிமெண்ட் பட்டையே மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்கே எந்தப் பெயிண்டும் நிற்காது.

வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. நனைந்த மெத்தையையும் துணியையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்க முடிந்தால் பூஞ்சை பிடிக்காது. பஞ்சு மெத்தையில் அது அனேகமாக முடியாது. செங்கல் சுவர் உள்வரை காய மாதங்கள் ஆகும். அது காய்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது, துணி காயும் இடத்தை மாற்ற வேண்டும். உட்பக்கம் துளிகள் தெரிந்தால் ஈரம் இன்னும் சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்துவிட்டு, பங்குனியில் அதே இடத்தில் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்துவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிடலாம்.